சேக்ரட் ஹார்ப் பாட முதல் தடவை போகிறவர்களுக்கு: புத்தகம், தேதி, செலவு, தொண்டை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது கச்சேரி இல்லை. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, கேட்க வருபவர்களுக்கென்று தனி நாற்காலியும் பெரும்பாலும் கிடையாது. நான் முதல் தடவை போனபோது கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன், ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு பாட்டியம்மா அகலவாக்கில் நீண்ட ஒரு தடிமனான புத்தகத்தை என் மடியில் வைத்து, தன் பக்கத்தில் நகர்ந்து உட்காரச் சொல்லி, விரலால் வரியைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பயணம் தேதி, நேரம், புத்தகம் என்று ஏதோ ஒன்றில் சொதப்பியது. நீங்களும் அப்படி அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் தெற்கே, முக்கியமாக ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களின் கிராமத்துச் சர்ச்சுகளில், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், நான்கு குரலில், தொண்டை கிழியப் பாடும் பாட்டு இது. பெயரில் ஹார்ப் இருக்கிறதே தவிர ஹார்ப் எதுவும் இருக்காது, அது மனிதக் குரலைத்தான் குறிக்கிறது என்பார்கள். வாத்தியமில்லாமல் பாடுவதை 'ஆ கப்பெல்லா' என்கிறோமே, அதற்கு இத்தாலிய மொழியில் 'சேப்பல் பாணியில்' என்றுதான் அர்த்தம். இங்கே அது அர்த்தமாக மட்டும் நிற்கவில்லை, இந்தப் பக்கத்து பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற பழமைவாதக் கிறிஸ்தவப் பிரிவின் சர்ச்சுகளில் பொதுவாக ஆர்கனோ பியானோவோ இன்றைக்கும் வைப்பதில்லை. வரலாறு இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

1. எந்தப் புத்தகம் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்

சேக்ரட் ஹார்ப் என்பது ஒரு புத்தகத்தின் பெயர். 1844இல் வெளிவந்தது, தொகுத்தவர்கள் பி. எஃப். ஒயிட், ஈ. ஜே. கிங் என்ற இரண்டு ஜார்ஜியாக்காரர்கள். பிரச்சினை என்னவென்றால், அதன் வழியில் வந்த பதிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

பெரும்பாலான இடங்களில் பல வருடம் ஓடியது 1991 பதிப்பு, 554 பாட்டுகள். இதை டென்சன் புத்தகம் என்பார்கள். 2025இல் அதற்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது, பழைய பாட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். இது போக, அலபாமாவின் தென்பகுதியிலும் ஃப்ளோரிடாவின் வடமேற்குப் பகுதியிலும் டெக்சாஸிலும் கூப்பர் புத்தகம் என்ற வேறொரு பதிப்பு உண்டு. பல பக்க எண்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், அதுதான் பொறி. முதல் ஐந்து பாட்டு சரியாகப் பொருந்தவே எல்லாம் சரி என்று நான் உட்கார்ந்திருந்தேன், ஆறாவது பாட்டில் எல்லோரும் ஒன்று பாட நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போன இடத்தில்!

அதனால் அறிவிப்பில் எந்தப் புத்தகம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அதில் இருக்கும் தொடர்பு எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். சலித்துக்கொள்ள மாட்டார்கள். ஃபாசோலா என்ற இணையதளத்தில் ஆண்டு முழுவதற்குமான பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இங்கிலாந்து, அயர்லாந்து, போலந்து, ஜெர்மனியிலும் பாடுகிறார்கள்.

புத்தகத்தை உடனே வாங்க வேண்டாம். எல்லா இடத்திலும் இரவல் புத்தகம் ஒரு பெட்டி நிறைய வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று தடவை போய், இது நமக்குத்தான் என்று தோன்றினால் வாங்குங்கள். நான் முதல் வாரமே அவசரப்பட்டு 25 டாலர் சொச்சம் கொடுத்து 1991 பதிப்பை வாங்கினேன், இப்போது புதிய பதிப்பு வந்தபின் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று.

2. தேதியைப் படிப்பது எப்படி

சிரிக்காதீர்கள், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இவர்கள் தேதி போடுவதில்லை, கிழமை போடுகிறார்கள். உதாரணமாக அலபாமாவின் ஹெனகரில் நடக்கும் ஹெனகர்-யூனியன் கன்வென்ஷன், அதாவது இரண்டு நாள் பாட்டுக் கூட்டம், 'ஜூலை முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும்'. ஜூலை முதல் சனிக்கிழமை என்று நீங்களாகப் படித்தால் போச்சு. 2018இல் ஜூலை 1 ஞாயிற்றுக்கிழமை, ஆக அதற்கு முந்தைய சனி ஜூன் 30. எப்போதும் ஞாயிறை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு நாள் பின்னால் வாருங்கள்.

அடுத்தது கடிகாரம். ஜார்ஜியா கிழக்கு நேரம், அலபாமா மத்திய நேரம், அதாவது ஒரு மணி நேரம் பின்னால். அட்லாண்டாவிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கே பதறியடித்துக் கிளம்பி, ஒன்பதுக்கு அலபாமா போய்ச் சேர்ந்தால், அங்கே மணி எட்டு. சர்ச் பூட்டியிருந்தது. வெள்ளைப் பலகை அடித்த சின்னக் கட்டடம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், எதிரில் ஒரு மாடு. போனில் சிக்னல் இல்லை. ஒன்றரை மணி நேரம் நானும் மாடும். எதிர்த்திசையில், அலபாமாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு வருபவர்களுக்கு இதே விஷயம் இன்னும் மோசமாக முடியும்: நீங்கள் போகும்போது பாட்டு ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

வழக்கமாகக் காலை ஒன்பதரை அல்லது பத்துக்கு ஆரம்பித்து மதியம் இரண்டரை, மூன்று வரை போகும். நடுவில் சின்னச் சின்ன இடைவேளை, மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு. சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள், நம் ஊர் கல்யாண வரவேற்பு மாதிரி அரை மணி சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். முதல் தடவையே நாள் முழுக்க வேண்டாம் என்றால், நகரங்களில் சாயந்திரம் இரண்டு மணி நேரம் நடக்கும் பயிற்சிப் பாட்டு உண்டு. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், தப்பு செய்யச் சௌகரியமான இடம்.

3. காகிதங்களும் செலவும்

உள்ளே போக எந்தக் காகிதமும் தேவையில்லை, எந்த மதம் என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் இந்து, ஐந்து வருடமாகப் போகிறேன், ஒருவர்கூட என்னை மாற்றப் பார்த்ததில்லை. ஆனால் ஆரம்பத்திலும் முடிவிலும் சாப்பாட்டுக்கு முன்பும் ஜெபம் உண்டு, பாட்டெல்லாம் இயேசுவைப் பற்றியும் சாவைப் பற்றியும்தான். அந்த நேரத்தில் எழுந்து வெளியே போகாமல் சும்மா தலையைக் குனிந்து நின்றால் போதும்.

காகிதம் தேவைப்படுவது பாட்டுக்கு இல்லை, பயணத்துக்கு. விசாவில் இருப்பவர்கள் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) நகலைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம், தெரியாத மாநிலத்தில் ஓட்டும்போது எதற்கு வம்பு. வாடகைக் கார் எடுப்பவர்களிடம் லைசென்சும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் கேட்பார்கள், 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம். இந்திய லைசென்ஸ் மட்டும் இருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரில் ஆர்டிஓ ஆபீசிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அது ஒரு வருடம் செல்லும்.

என் கணக்கு, அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கு அலபாமா போய் அன்றே திரும்புவதற்கு: பெட்ரோல் 30 டாலர், உண்டியல் 15, சமைத்துக்கொண்டு போகும் சாப்பாட்டுக்கு 12. வாடகைக் கார் என்றால் இதோடு ஒரு 65. கட்டணம் கிடையாது, ஆனால் ஒரு கூடை சுற்றி வரும், அதில் பத்து இருபது போடுவது மரியாதை. சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள், கிராமத்துச் சர்ச் கூடையில் கார்டு தேய்க்க முடியாது. இரண்டு நாள் நிகழ்ச்சி என்றால் ராத்திரி தங்க அந்தப் பகுதியின் ஃபோர்ட் பெய்ன் என்ற ஊர்ப் பக்கம் மோட்டல் உண்டு, எனக்கு 90 டாலர் ஆனது. ஆனால் முன்கூட்டியே தொடர்பு எண்ணில் பேசினால் உள்ளூர்ப் பாடகர்கள் வீட்டிலேயே இடம் தருவார்கள். கூச்சப்படாமல் கேட்கலாம், அவர்களுக்கு அது வழக்கம்.

4. நாலு வடிவம்: போவதற்கு முன் இரண்டு வாரம்

ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக்குறி, தெரியாதே என்று பயப்பட வேண்டாம், தெரியாதவர்களுக்காகவே உண்டாக்கிய முறை இது. ஒவ்வொரு ஸ்வரத்தின் தலைக்கும் ஒரு வடிவம். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. நாலே பெயர். அப்படியென்றால் ஏழு ஸ்வரம் எப்படி? ஒரே பெயர் இரண்டு தடவை வரும். ஸ ரி க ம ப த நி ஸ என்று பாடும் இடத்தில் ஃபா சோல் லா ஃபா சோல் லா மி ஃபா. அதாவது ஸ-வும் ம-வும் ஃபா, ரி-யும் ப-வும் சோல், க-வும் த-வும் லா, நி மட்டும் மி. சங்கராபரணம் தெரிந்தவர்கள் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம்.

சோக ராகப் பாட்டுகளுக்கு, அதாவது மைனரில், ஸ-வின் இடத்தில் லா வரும்: லா மி ஃபா சோல் லா ஃபா சோல் லா. இங்கே ஒரு வேடிக்கை. அச்சில் இருப்பது நடபைரவி. பழைய குடும்பத்துக்காரர்கள் பாடுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள், தைவதத்தை, அதாவது த-வை, அரை ஸ்வரம் தூக்கி வைத்துக் கரகரப்பிரியாவாகப் பாடுவார்கள். புத்தகத்தில் அதற்கு எந்தக் குறியும் இல்லை, அப்பா அம்மா பாடியதைக் கேட்டு வந்த பழக்கம். நான் அச்சில் இருந்தபடி சுத்த தைவதத்தில் சுத்தமாக நின்று, பக்கத்து ஆளைத் தப்பு என்று நினைத்து முறைத்தேன். சபையில் தப்பாகப் பாடியது நான் ஒருவன்தான்.

சங்கீதம் கற்றவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. கமகம் வேண்டாம். நாலு குரல் ஒன்றோடொன்று இடித்து நிற்கும் இடத்தில் நாம் மட்டும் ஸ்வரத்தை அசைத்தால் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்க்கும். இரண்டாவது, தம்பூரா ஆப்பைத் திறக்காதீர்கள். இங்கே சுருதிப்பெட்டி, பிட்ச் பைப் எதுவும் கிடையாது, சுருதி சொல்பவர் ஒருவர் அப்போதைக்கு எல்லோர் தொண்டைக்கும் எது எட்டுமோ அதைப் பிடித்துக் கொடுப்பார். மதியத்துக்கு மேல் குரல்கள் களைத்தால் சுருதியும் இறங்கும். சர்ச் பாடகர் குழுவில் டானிக் சோல்ஃபா (டோ ரே மி ஃபா என்று ஏழு பெயரில் பாடும் முறை) பாடி வளர்ந்த நம் திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்களுக்குத்தான் இதில் அதிகத் தலைவலி. அவர்களுக்கு ஃபா என்றால் நாலாவது ஸ்வரம் என்று ரத்தத்தில் ஊறியிருக்கும், இங்கே அதுவே ஆதார ஸ்வரமான ஸ-வாகவும் வந்து நிற்கும். பழையதை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு பாட்டையும் முதலில் வடிவத்தின் பெயரைச் சொல்லி ஒரு சுற்று, அப்புறம்தான் வார்த்தை. எனவே வார்த்தையை மனப்பாடம் செய்து வீணாக்காதீர்கள். இணையத்தில் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன, ஐந்து பாட்டைத் தேர்ந்தெடுத்து, தினம் இருபது நிமிடம், ஃபா சோல் லா மட்டும் பாடிப் பழகினால் இரண்டு வாரம் தாராளம். எனக்குக் காரில் ஆபீஸ் போகிற நேரம் அதற்குச் சரியாக இருந்தது.

5. எங்கே உட்காருவது

நாலு பக்கமும் பெஞ்சு போட்டு, நடுவில் காலி இடம் விட்டு, எல்லோரும் உள்பக்கம் பார்த்து உட்காருவார்கள். ட்ரெபிள், ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு குரல். வைணவக் கோயிலில் பிரபந்த கோஷ்டி எதிரெதிரே உட்கார்ந்து சேவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது, இங்கே இரண்டு வரிசைக்குப் பதில் நாலு.

முதல் தடவை டெனர் பக்கம் போங்கள், ஆணோ பெண்ணோ. மெட்டு அங்கேதான் இருக்கிறது. ஆனால் டெனரின் முன் பெஞ்சு வேண்டாம். காலியாக இருக்கிறதே என்று நான் போய் உட்கார்ந்தேன், அது வருடக்கணக்காகப் பாடுபவர்கள் உட்கார்ந்து எல்லோருக்கும் கைத்தாளம் காட்டும் இடம். யாரும் எழுப்பவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வரிசை நல்லது. சத்தமாகப் பாடும் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு, அவர் காட்டும் வழியில் போங்கள்.

கையைப் போடுங்கள். கீழே, மேலே, அவ்வளவுதான் தாளம். மூன்று எண்ணிக்கைப் பாட்டில் இரண்டு எண்ணிக்கைக்குக் கீழே, ஒன்றுக்கு மேலே. வழி தவறிப் போனாலும் கை ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். சில பாட்டில் ஒரு குரல் முன்னால் ஓட மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும், அங்கே கைத்தாளம் இல்லாமல் பிழைக்க முடியாது.

6. கார்டும், உங்கள் பெயரும்

வாசலில் ஒரு சின்னக் கார்டு தருவார்கள். பெயர், ஊர், நடுவில் நின்று ஒரு பாட்டை நடத்த விருப்பமா. விருப்பம் என்று டிக் அடித்தால் நாளில் எப்போது வேண்டுமானாலும் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள்.

பெயரை எழுதும்போது யோசித்து எழுதுங்கள். நான் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் எழுதித் தொலைத்தேன், அங்கே கடைசிப் பெயர் இருக்கும் இடத்தில் இருப்பது என் அப்பா பெயர். மதியம் ஒருவர் எழுந்து, மிகவும் சிரமப்பட்டு, என் அப்பாவைக் கூப்பிட்டார். எனக்குப் புரியவே இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது, அங்கே அந்த மாதிரிப் பெயருக்குப் பொருத்தமான முகம் என்னுடையது ஒன்றுதான். யார் எந்தப் பாட்டை நடத்தினார்கள் என்று எழுதி வைத்து, பிறகு அச்சிடுகிறார்கள். வத்தலகுண்டைத் தாண்டி அதிகம் போயிராத அப்பா அலபாமாவில் பாட்டு நடத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. கார்டில் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அதை மட்டும், சுருக்கமாக, உச்சரிப்புக்கு ஏற்றபடி எழுதுங்கள்.

நடத்தப் போகிறீர்கள் என்றால் மூன்று பாட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒருமுறை பாடியதை மறுபடி பாடுவதில்லை, உங்களுக்குப் பிடித்ததை வேறு யாராவது முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். நடுவில் போய் நின்று பக்க எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள், பாட்டின் பெயரை இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டு பாட்டு இருந்தால் மேலா கீழா என்றும் சொல்ல வேண்டும், '45, டாப்' என்கிற மாதிரி. எத்தனை சரணம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பயமாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைக் கூட நிற்கச் சொல்லலாம், தப்பில்லை. நடுவில் நின்றால் நாலு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தம் இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்தத் தயாரிப்பும் உதவாது. எனக்கு முதல் தடவை கை நின்றுவிட்டது, முன் பெஞ்சுக்காரர்கள்தான் பாட்டைக் கரைசேர்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் கை தட்டாதீர்கள். யாருக்காகவும் பாடவில்லை என்பதால் தட்டுவதற்கு ஆளில்லை. வீடியோ எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சற்று முன்பு பெரும்பாலும் இறந்தவர்களுக்கான நேரம் ஒன்று இருக்கும். கடந்த வருடத்தில் போனவர்களின் பெயரை வாசித்து ஒரு பாட்டுப் பாடுவார்கள், நோயாளிகளுக்காக இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெயரையும் கொடுக்கலாம், காலையிலேயே கொடுக்க வேண்டும். எங்கள் அப்பாயி இறந்த வருடம் பெயரை எழுதிக் கொடுத்தேன். வாசிக்க வேண்டிய அம்மாள் இடைவேளையில் என்னைத் தேடி வந்து, 'வள்ளியம்மை' என்பதை நாலு தடவை சொல்லச் சொல்லி, ள் வராமல் திணறி, பென்சிலால் கார்டின் மேலே என்னவோ குறித்துக்கொண்டு போனார். வாசிக்கும்போது கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

7. சாப்பாடு, தண்ணீர், தொண்டை

மதியச் சாப்பாடு எல்லோரும் கொண்டு வந்து நீள மேஜையில் வைப்பது. புதிதாக வருபவர் கொண்டு வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் தங்களுக்காகவாவது கொண்டு போங்கள். பீன்ஸ்தானே என்று எடுப்பீர்கள், அது பன்றித் தொடையோடு மூன்று மணி நேரம் வெந்திருக்கும். சோள ரொட்டியிலும் சில வீட்டில் பேக்கன் கொழுப்பு உண்டு. நான் எலுமிச்சை சாதம் கொண்டு போகிறேன், வெயிலில் கெடாது, காரமும் குறைவு. தயிர் சாதம் ஒருமுறை கொண்டு போனேன், யாருக்கும் அது இனிப்பா உணவா என்று புரியவில்லை.

தொண்டை விஷயத்தை நான் அலட்சியம் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். பக்கத்தில் எல்லோரும் முழுக் குரலில் பாடும்போது நம் குரல் நமக்கே கேட்காது, அதனால் நாம் இன்னும் கத்துவோம். பதினொரு மணிக்கெல்லாம் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் அதிமதுரம், நாலு பாட்டுக்கு ஒரு பாட்டு வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் போடுவது, இவ்வளவும் கட்டாயம். உயர்ந்த ஸ்வரம் எட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இருநூறு பேரில் ஒருவர் விட்டது யாருக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு முடிந்து கிளம்பினாலும், அலபாமாவிலிருந்து திரும்பும்போது காலையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், வீடு சேர ஆறரை ஆகிவிடும். இரண்டு நாளும் பாடினால் திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் பேச ஒத்துக்கொள்ளாதீர்கள். சாட்டில் தட்டச்சு செய்கிறேன் என்று வெள்ளிக்கிழமையே சொல்லி வைத்துவிடுங்கள்.